கிழக்குப் பார்த்த மண்டபம்

லண்டனில் மோர்டனிலிருந்து குரோய்டன் வரைக்கும் கலியாண மண்டபத்துக்குப் பஞ்சமே இல்லை. கார் நிறுத்த இடம் உண்டு, கைராசியான சமையல்காரர் உண்டு, ஐயர் ட்ராமில் ஏறினால் வாசலில் வந்து இறங்குவார். ஆனாலும் என் அக்காவின் மகள் ஜதுர்ஷிகாவுக்கு ஸ்பெயினில் ஒரு கோட்டை வேண்டியிருந்தது. ஆயிரம் வருடத்துக் கோட்டையாம், இப்போது ஹோட்டலாம். "சித்தி, இது வேற லெவல்" என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஒரு பாறையின் உச்சியில் பழுப்பு நிறக் கல்மதில்கள் தெரிந்தன. அதற்குள் போய்த்தான் தாலி கட்ட வேண்டுமென்று இந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்களோ எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மோர்டனில் அக்காவின் வீட்டு முன்னறையில் ஆறு பேர் டிவிக்கு முன்னால் இருந்தோம். நீள சோபாவில் அக்காவும், அவள் கணவர் சிவானந்தன் அத்தானும். எதிரே மாப்பிள்ளை ரதீசனும் அவன் தாய் மங்களேஸ்வரியும். தகப்பன் இல்லாத பிள்ளை அவன். தாய் வைத்ததுதான் சட்டம். கீழே கம்பளத்தில் ஜதுர்ஷிகா மடிக்கணினியோடு. நான் டிவிக்குப் பக்கத்துக் கதிரையில், ரிமோட்டைக் கையில் பிடித்தபடி. ஹோட்டல் மேலாளர் இனேஸ் என்ற பெண் தன் போனைப் பிடித்துக்கொண்டு நடந்து, கோட்டையை எங்களுக்கு நேரடியாகக் காட்டப் போகிறாள். எல்லோருக்கும் பிடித்தால் இன்றைக்கே பதிவு செய்வதாகப் பேச்சு.

ரிமோட்டின் பொத்தானை விரலால் தேடிப் பிடித்து வைத்திருந்தேன். அந்தக் கோட்டையில் ஒரு மண்டபம் இருக்கிறது. அத்தான் அதைப் பார்க்கவும் கூடாது, அதன் கதையைக் கேட்கவும் கூடாது.

விசயம் இதுதான். ஜதுர்ஷிகா ஹோட்டலின் இணையப் பக்கத்தை அனுப்பியபோது அக்கா ஸ்ட்ரெதமில் என் அழகு நிலையத்தில் இருந்தாள். இரண்டு பேரும் தலையை ஒட்டிக்கொண்டு படித்தோம். படங்கள் வடிவாகத்தான் இருந்தன. 'எங்கள் வரலாறு' என்று ஒரு பகுதி இருந்தது. அதன் கடைசிப் பக்கமாக ஒரே ஒரு வரி: உள்நாட்டுப் போருக்குப் பின் சில காலம் சிறைச்சாலை, கைதிகள் பக்க மண்டபம் ஒன்றில். அக்கா போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். "இவருக்குத் தெரியக் கூடாது" என்றாள்.

ஊரில் சண்டை நடந்த காலத்தில் அத்தானை இருபது வயதில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய் எங்கள் பட்டணத்துக் கடலோரக் கோட்டைக்குள் வைத்திருந்தார்கள். ஒருநாள் விட்டார்கள். அதற்குப் பிறகுதான் கலியாணம், அதற்குப் பிறகுதான் லண்டன். ஆனால் கதவு மூடிய அறைக்குள் அவரால் இருக்க முடியாது. ஜதுர்ஷிகா பிறந்த வருடம் ஒரு லிப்டுக்குள் சற்று நேரம் மாட்டிக்கொண்டார். ஆட்கள் வந்து திறந்துவிட்டார்கள், ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மாதக்கணக்காக வேலைக்குப் போகவில்லை. பேச்சும் இல்லை. கட்டிலின் விளிம்பில் இருந்துகொண்டு தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அக்கா கைக்குழந்தையோடு தனியாகக் கிடந்து மாரடித்த காலம் அது. அதை நானும் கண்ணால் பார்த்தவள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம்: அந்தக் கதை இங்கே எடுக்கக் கூடாது. வீட்டின் கீழ்த்தட்டில் அறைகளுக்குக் கதவே இல்லை. குளியலறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே போகிறவர் பாட்டுப் பாட வேண்டும். அப்பாவுக்குக் காற்றோட்டம் பிடிக்கும் என்றுதான் ஜதுர்ஷிகா நம்பி வளர்ந்தாள். அத்தான் பஸ் ஓட்டுகிறார். கதவுப் பொத்தான் தன் கையிலேயே இருக்கிற வேலையை அவர் தேடித்தான் எடுத்தார் என்று நான் நினைப்பதுண்டு.

ஆகவே கோட்டை வேண்டாமென்று அவளுக்கு எப்படிச் சொல்வது? காரணம் சொன்னால் கதை வெளியே வரும். வெயில் என்றோம், தூரம் என்றோம், ஐயருக்கு விசா என்றோம். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். வாய்க்கு வாய் பேசுவதில் என்னைக் கொண்டு பிறந்தவள். கடைசியில் அக்காவும் நானும் ஒரு வழி கண்டுபிடித்தோம். "சரித்திரம் ஒண்டும் வேண்டாம், மண்டபத்தை மட்டும் காட்டச் சொல்லு. உன்ர மாமிக்கு அலுப்பு அடிக்கும்" என்று சொல்லிவைத்தோம். அவளும் நம்பி, அப்படியே ஹோட்டலுக்கு எழுதிவிட்டாள். எங்கள் ஆட்களுக்குத்தான் இப்படி மூளை போகும். வீடு எரிந்தாலும் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டாம், மனம் நொந்துபோவார் என்போம்.

இனேஸ் திரையில் வந்தாள். நாற்பது வயதிருக்கும், சிவப்புக் கண்ணாடி, விறுவிறு நடை. முதலில் ஒரு கோபுரம். அதன் உச்சியிலிருந்து பார்த்தால் மூன்று பள்ளத்தாக்குத் தெரியுமாம். யார் கட்டியது என்று சொல்ல வாயைத் திறந்தாள், பிறகு நினைவு வந்தவள் போல மூடிக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். அடுத்து ஒரு முற்றம், நடுவே கிணறு, கிணற்றடியில் எலுமிச்சைச் சட்டிகள்.

"வடிவாக் கிடக்கு" என்றார் அத்தான். முழங்காலில் கையை ஊன்றி முன்னால் சரிந்திருந்தார். மகளின் ஆசை அவர் முகத்திலும் தொற்றியிருந்தது. அதைப் பார்க்க எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பிறகு பெரிய மண்டபம் ஒன்று. வளைவு வளைவான கூரை, சுவர் நெடுகச் சித்திர வேலை. ஒரு முனையில் கல்லால் கட்டிய மேடை. ஜதுர்ஷிகா திரும்பி எங்களைப் பார்த்தாள். "இதிலதான் மணவறை."

இந்த மண்டபத்தோடு முடிந்துவிடும் என்றுதான் நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டிவியை நிறுத்திவிடலாம். கலியாணத்தன்று அத்தான் இந்த மண்டபத்துக்கு வருவார், வெளிக்கிடுவார், மற்றப் பக்கம் போக மாட்டார்.

மங்களேஸ்வரி தொண்டையைச் செருமினார். "மணவறை எந்தப் பக்கம் பாத்தபடி?"

ஜதுர்ஷிகா ரதீசனைப் பார்க்க, மங்களேஸ்வரியே தொடர்ந்தார்.

"எங்கட ஐயர் ஒண்டுதான் சொன்னவர். எங்கை வேணுமெண்டாலும் செய்யுங்கோ, பிள்ளையள் கிழக்குப் பாத்தபடி இருக்க வேணும். அதை மட்டும் பாருங்கோ எண்டவர்."

ஜதுர்ஷிகா ஆங்கிலத்தில் கேட்டாள். இனேஸ் போனில் திசைகாட்டியைத் திறந்து, மேடையில் ஏறி நின்று பார்த்தாள். மேடை கிழக்குச் சுவரோடு ஒட்டியிருந்தது. அதில் இருப்பவர்கள் மேற்கைத்தான் பார்ப்பார்கள். கல்மேடையை நகர்த்த முடியாது, அரசாங்கப் பாதுகாப்பில் உள்ள கட்டடம் என்றாள்.

"அப்ப கொஞ்சம் சரிச்சு வைச்சா?" என்றேன் நான்.

"சரிச்சு வைக்கிறதுக்கு இது அலுமாரியே?" என்றார் மங்களேஸ்வரி.

அத்தான் எழுந்து டிவிக்குக் கிட்டப் போனார். எதையாவது பொருத்திச் சரிப்படுத்துவதென்றால் அவருக்கு அலாதிச் சந்தோசம். சம்பந்தி முகம் சுளிக்கக் கூடாது, மகளின் ஆசையும் கெடக் கூடாது. "பிள்ளை, வேற மண்டபம் இல்லையோ எண்டு கேள். கிழக்குப் பாத்த மேடையோடை."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அவருக்காக நாங்கள் அடைத்து வைத்த கதவை அவரே போய்த் தட்டுகிறார். இதற்கு யார் மேல் கோபப்படுவது?

இருக்கிறது என்றாள் இனேஸ். முகம் மலர்ந்தது. கிழக்கு மண்டபம் என்றே அதற்குப் பெயர். காலை வெயில் நேரே மேடையில் விழும். கலியாணங்களுக்கு எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள் என்றபடி நடக்கத் தொடங்கினாள். படம் குலுங்கியது. நீண்ட நடைபாதை ஒன்று வந்தது. கூரை தாழ்ந்துகொண்டே போனது. அவளின் செருப்புச் சத்தம் கல்லில் பட்டு எதிரொலித்தது.

நான் ரிமோட்டை அழுத்தினேன். யாரோ கேக் சுடும் நிகழ்ச்சி வந்தது.

"சித்தி!"

"கை தெரியாமப் பட்டுட்டுது. இனி இது வராது போல கிடக்கு."

"தாங்கோ அன்ரி" என்று ரதீசன் வந்து ரிமோட்டை வாங்கினான். நல்ல பிள்ளை, கணினி வேலை செய்கிறவன். கண் மூடித் திறப்பதற்குள் கோட்டை திரும்ப வந்தது. ரிமோட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அன்றைக்கு மட்டும் ஒரு மக்கு மாப்பிள்ளையாக வாய்த்திருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

இனேஸ் ஒரு பெரிய மரக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நீள மண்டபம். சுவரெல்லாம் வெள்ளை. கிழக்குச் சுவரில், கைக்கு எட்டாத உயரத்தில், சின்னச் சின்ன யன்னல்கள். மேற்கில் மரமேடை. வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள். போன கிழமைக் கலியாணத்துப் பூவளைவு இன்னும் கழற்றாமல் நின்றது. போனில் திரும்பவும் திசை பார்த்துச் சொன்னாள். கிழக்கு, ஒரு பாகைகூடப் பிசகவில்லை.

"பாத்தியளோ" என்று அத்தான் மங்களேஸ்வரியைப் பார்த்துச் சிரித்தார். அவரும் தலையாட்டினார்.

"அப்ப சரி, முடிஞ்சுது. நிப்பாட்டுங்கோ" என்றாள் அக்கா. குரல் கீச்சிட்டது.

"பொறு. அந்தச் சுவரிலை என்ன அது?" என்றார் அத்தான்.

வடக்குச் சுவரில் ஒரு பகுதிக்கு மட்டும் வெள்ளை பூசவில்லை. பழைய சாந்து அப்படியே தெரிந்தது. அதற்கு மேல் கண்ணாடி போட்டு, கீழே மஞ்சள் விளக்கும் வைத்திருந்தார்கள். சாந்தில் கீறல்கள்.

ஜதுர்ஷிகா கேட்டாள். இனேஸ் தயங்கினாள். "வரலாறு சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தீர்களே?"

அத்தானுக்கு அந்த அளவு ஆங்கிலம் நன்றாக விளங்கும். திரும்பி மகளைப் பார்த்தார். "ஆர் வேண்டாமெண்டது?"

"அம்மாவும் சித்தியும். மாமிக்கு போர் அடிக்குமாம்."

"எனக்கோ?" என்றார் மங்களேஸ்வரி. "நான் அப்பிடி ஆருக்குச் சொன்னனான்?"

அத்தான் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். அவர் எங்களை எண்ணிப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு திரைக்குத் திரும்பி, தன் பஸ் ஆங்கிலத்தில், மரியாதையாக, "தயவுசெய்து எல்லாவற்றையும் சொல்லுங்கள்" என்றார்.

இனேஸ் அதற்காகத்தானே காத்திருந்தாள். அணை உடைந்ததுபோலச் சொன்னாள். முதலில் அராபியர் அந்தப் பாறையில் ஒரு காவல் கோபுரம் கட்டினார்கள். ஒரு கிறிஸ்தவ அரசன் அதைப் பிடித்தான்; பிடிப்பதற்கு உதவிய பிரபுவுக்குப் பரிசாகக் கொடுத்தான். பிரபுவின் பரம்பரை மதில் கட்டியது, மாளிகை கட்டியது, கடைசியில் வாரிசில்லாமல் போனது. கன்னியாஸ்திரிகள் வந்தார்கள். முதலில் பார்த்த வளைவு மண்டபம் அவர்கள் சாப்பிட்ட இடம். பிறகு பிரெஞ்சுப் படை வந்து அவர்களைத் துரத்திவிட்டு முற்றத்தில் குதிரை கட்டியது. படை போன பிறகு ஊர்க்காரர் கோதுமை கொட்டி வைத்தார்கள். ஒவ்வொருவரும் முன்னவரின் சுவரை இடிக்காமல் அதன் மேலேயே பூசிக்கொண்டார்கள், அதனால்தான் சுவர் இவ்வளவு தடிப்பு என்றாள்.

அத்தான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நான் சுவாமியை நினைத்துக்கொண்டிருந்தேன். கோதுமையோடு நின்றுவிடடி, உனக்குப் புண்ணியமாய்ப் போகும் என்று மனதுக்குள் மன்றாடினேன்.

நிற்கவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்ததும் கோட்டையைச் சிறையாக்கினார்கள் என்றாள். இந்த மண்டபத்தில்தான் ஆட்களை வைத்திருந்தார்கள். எத்தனை பேர் என்றும் சொன்னாள். அந்த எண்ணை நான் எழுத விரும்பவில்லை. அந்த நாற்காலிகளை எல்லாம் எடுத்துவிட்டு நிற்க வைத்தாலும் அத்தனை பேரை அந்த மண்டபம் கொள்ளாது. சிறை போன பிறகு கூரை விழுந்து, ஆடு மேய்ப்பவர்கள் ஆட்டை அடைத்தார்கள். பிறகு ஹோட்டல்.

"கீறினது அவையளோ?" என்று கேட்டார் அத்தான்.

ஜதுர்ஷிகா மொழிபெயர்த்தாள். ஆம் என்றாள் இனேஸ்.

"பேர் இருக்கோ?"

இருந்தன. இனேஸ் சுவருக்குக் கிட்டப் போய்க் கண்ணாடி மேல் விரலை வைத்து வாசித்தாள். அன்செல்மோ. விசென்டே. இன்னொரு விசென்டே, அவன் மகனாக இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். யூலியான், அதற்குக் கீழே ஒரு சின்ன மீன். அவள் அவசரப்படவில்லை. அத்தானும் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் அவர் உதடு மெல்ல அசைந்தது. அக்கா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள்.

ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. அவர் கை நடுங்கவில்லை. முகம் மாறவில்லை. வாசித்து முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு சோபாவில் வந்து அமர்ந்தார். எனக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது. முப்பது வருடமாகிவிட்டது, ஆறிவிட்டது, நாங்கள்தான் வீணாக நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தோம் என்று அக்காவுக்குக் கண்ணால் சொன்னேன்.

"மாமி, ஓகேதானே? புக் பண்ணவா?" என்றாள் ஜதுர்ஷிகா.

"திசை சரி" என்றார் மங்களேஸ்வரி.

இனேஸுக்கு அது விளங்கியிருக்க வேண்டும். உற்சாகமாகிவிட்டாள். இன்னும் ஒரு விசேசம் இருக்கிறது என்றாள். போனைப் பூவளைவில் சாய்த்து வைத்துவிட்டு நடந்து போனாள். எவ்வளவு மேளம் அடித்தாலும் மற்ற விருந்தினருக்குத் தொந்தரவு இல்லை, ஏனென்றால் இந்தக் கதவு அந்தக் காலத்துக் கதவு, மூடிவிட்டால் உள்ளே நடப்பது ஒன்றும் வெளியே கேட்காது என்றாள்.

அவள் கதவைத் தள்ளினாள். தூரத்தில் தெரிந்த வெளிச்சக் கீற்று மெலிந்து, அற்றுப்போனது. கட்டை கட்டையோடு மோதும் சத்தம், அதன் பின்னால் இரும்புத் தாழ் விழும் சத்தம். ரதீசன் ஒலியைக் கூட்டி வைத்திருந்தான். அந்தச் சத்தம் முன்னறைச் சுவரில் போய் இடித்தது.

அத்தான் எழுந்து நின்றார்.

"திறக்கச் சொல்லு."

"என்னப்பா?"

"கதவைத் திறக்கச் சொல்லு. திறக்கச் சொல்லு பிள்ளை."

அது அவர் குரல் அல்ல. சின்னப் பொடியன் ஒருவனின் குரல்போல மெலிந்து வந்தது. சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டார். நெற்றி முழுக்க வியர்வை. ஜதுர்ஷிகா பயந்துபோய் ஆங்கிலத்தில் கத்தினாள். இனேஸ் விளங்காமல் திரும்பி, தாழை இழுத்தாள். தாழ் வரவில்லை. சிரித்துக்கொண்டு, கொஞ்சம் பழசு, எப்போதும் இப்படித்தான் என்றாள். இரண்டு கையாலும் இழுத்தாள். அத்தான் வாயைத் திறந்து காற்றை விழுங்கினார், அது உள்ளே போகவில்லை. ரதீசன் ரிமோட்டை அழுத்துகிறேன் என்று ஒலியை இன்னும் கூட்டிவிட்டான். இரும்பு இரும்பில் உராய்ந்தது. நான் போய் அத்தானின் கையைப் பிடித்தேன். அவர் என்னை உதறித் தள்ளிய வேகத்தில் கதிரையோடு போய் மோதினேன். அவர் ஓடிப்போய் வீட்டு வாசல் கதவைத் திறந்தார்.

வெளியே வெயில். பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். அத்தான் குப்பைத் தொட்டியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். நாங்கள் யாரும் அருகில் போகவில்லை. லிப்டுக்குப் பிறகு வந்த அந்த மாதங்கள்தான் எனக்கு நினைவில் ஓடின. மகளின் கலியாணத்தை வைத்துக்கொண்டு இந்த மனிதன் திரும்பவும் பேச்சில்லாமல் போய்விட்டால், பிறகு கலியாணம் என்ன, வீடே இராது என்று நினைத்தேன்.

அவர் தானாகவே உள்ளே வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. வாசல் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து அமர்ந்தார். டிவியில் இனேஸ் ஒருவழியாகக் கதவைத் திறந்துவிட்டு, செய்வதறியாமல் நின்றாள்.

"அப்பா, என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை, பிரஷர்தான்" என்றாள் அக்கா. "நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்." சொல்லி முடியுமுன்னே குசினிக்குள் போய்விட்டாள். தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது.

"பிரஷர் இல்லை" என்றார் அத்தான். கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து விட்டார். "நானும் உப்பிடி ஒரு இடத்திலை இருந்தனான்."

"எங்க?"

"கோட்டையிலை. எங்கட கோட்டையிலை."

ஜதுர்ஷிகா என் பக்கம் திரும்பினாள். "சித்தி, உங்களுக்குத் தெரியுமா?"

என் முகத்தில் அவள் பதிலைப் படித்துக்கொண்டாள்.

"நான் அங்க போனனான் அப்பா" என்றாள். "பிரண்ட்ஸோட ஊருக்குப் போன நேரம். மதிலுக்கு மேல ஏறி நிண்டு போட்டோ எடுத்து குறூப்பில போட்டனான். நீங்க தம்ஸ் அப் போட்டீங்க."

"வடிவான படம், பிள்ளை. நீ நல்லாச் சிரிச்சுக்கொண்டு நிண்டனி."

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ரதீசன் கீழே இறங்கி அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்தான். எனக்குப் பெரிய பயமே மங்களேஸ்வரிதான். சம்பந்தி வீட்டில் இப்படி ஒரு கதை என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவாரோ என்று பார்த்தேன். அவர் எழும்பவில்லை. "இதிலை மறைக்க என்ன கிடக்கு?" என்று என்னைத்தான் கேட்டார். "எங்கட ஆக்களிலை ஆர் வீட்டிலை இந்தக் கதை இல்லை?"

"ஜது" என்றார் அத்தான். "உனக்கு அந்த இடம் விருப்பமெண்டா அங்கையே கட்டு. நான் குறுக்கை நிக்கேல்லை. எந்த இடமும் ஒரு காலத்திலை ஏதோ ஒண்டாத்தான் இருந்திருக்கும், பிறகு மாறும். மாறத்தான் வேணும். ஆனா எனக்கு ஏலாது. நான் அதுக்குள்ளை வரமாட்டன். உன்ர சித்தியும் சித்தப்பாவும் தாரை வாத்துக் குடுக்கட்டும்."

அவள் பிறந்த நாளிலிருந்து அந்த மனிதர் அவளிடம் ஏலாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. இரவு வேலை முடிந்து வந்து காலையில் அவளை நீச்சலுக்குக் கூட்டிப் போனவர். அவள் தலை நிமிர்த்தினாள். கண் சிவந்து, கோபத்தில் உதடு துடித்தது.

"நீங்க இல்லாம நான் எதுக்கு அப்பா மணவறைக்குப் போகணும்? ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்ல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இந்த வெப்சைட்டைத் திறந்தே பாத்திருக்க மாட்டனே. இவ்வளவு வருசம். ஒருநாளும் சொல்லணும் எண்டு வரேல்லயா?"

"வந்தது" என்றார் அத்தான். "எத்தினையோ தரம் வந்தது. நான் சொல்ல வெளிக்கிட்ட நேரமெல்லாம் உன்ர அம்மா தேத்தண்ணி கொண்டு வந்தவ."

கோபமாகச் சொல்லவில்லை. குறையாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ கிழிந்தது. ஏனென்றால் அது உண்மை. அவர் 'அந்த நேரம்' என்று ஒரு பேச்சைத் தொடங்கினால் போதும், அக்கா கோப்பையோடு வந்து நிற்பாள். சீனி காணுமோ என்பாள். நான் பாத்திரக் கடைத் தள்ளுபடியைப் பற்றி ஏதாவது எடுத்துவிடுவேன். அவரைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் மனதார நம்பினோம்.

டிவியில் இனேஸ் மெல்லக் கூப்பிட்டாள். திசையில் ஏதாவது பிழையா என்று கேட்டாள்.

ஜதுர்ஷிகா மூக்கைத் துடைத்துக்கொண்டு ரதீசனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். "திசை சரி" என்றாள் ஆங்கிலத்தில். "ஆனால் எங்களுக்கு மண்டபம் வேண்டாம். உங்களில் ஒரு பிழையும் இல்லை. பெயர்களை வாசித்ததற்கு நன்றி." மடிக்கணினியை மூடினாள். திரை கறுத்தது.

அக்கா தட்டத்தோடு குசினி வாசலில் நின்றாள். எப்போது வந்தாள் என்று எனக்குத் தெரியாது. ஆறு கோப்பையும் தட்டத்தில் நடுங்கிச் சத்தம் போட்டன. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று அதிலேயே தெரிந்தது. அத்தான் அவளைக் கண்டதும், பழக்கதோசம், பேச்சை விட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. தட்டத்தை அப்படியே படிக்கட்டில் வைத்தாள். வந்து அவருக்குப் பக்கத்தில், தோளோடு தோள் பட, அமர்ந்தாள். என் அக்கா அழுதால் மூக்கு மட்டும் சிவக்கும். அவள் அழவில்லை, ஆனால் மூக்கு சிவந்திருந்தது.

"சொல்லுங்கோ" என்றாள்.

அத்தான் தன் உள்ளங்கையைப் பார்த்தார். திறந்த வாசலால் கார் கழுவும் தண்ணீர்ச் சத்தம் வந்தது. யாரும் எழும்பவில்லை. நானும், ஆச்சரியம்தான், வாயைத் திறக்கவில்லை.

"என்னோடை சூசைதாசன் எண்டு ஒரு பொடியன் இருந்தவன்" என்றார். "என்னை விட்டவங்கள். அவனை விடேல்லை."

அக்கா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள்.

"எந்த ஊர்ப் பிள்ளை?" என்று கேட்டாள்.